போர்வைக்குள் வேர்க்கும் கார்



காருக்குப் போர்வை போட்டு மூடிவைத்தால் சாயம் கெடாது என்று நம்மில் பெரும்பாலோர் நம்பிக்கொண்டிருக்கிறோம். வெயில் படாது, மழை படாது, காக்கையும் மைனாவும் எச்சமிடாது. ஆகவே சாயம் பத்திரமாக இருக்கும் என்பது நமது கணக்கு. இந்தக் கணக்கில் ஒன்று மட்டும் விடுபட்டுப் போகிறது. அதுதான் ஈரம். திறந்த வெளியில் மாதக்கணக்கில் மூடிக்கிடந்த பழைய காரின் சாயம், மூடாமல் நின்ற காரின் சாயத்தைவிட மோசமாகக் கெட்டுப்போவது உண்டு. அது எப்படி நேர்கிறது என்பதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

தோட்டத்து மக்களுக்கும் பழைய காருக்கும் என்ன உறவு என்று சிலர் கேட்கக்கூடும். உறவு இருக்கிறது. 1950, 60ஆம் ஆண்டுகளில் தோட்டத்துக் கிராணியாரும் ஆஸ்பத்திரி டிரசரும் ஓட்டிய மோரிஸ் மைனரும் ஆஸ்டினும் பல கை மாறி, பின்னர் நம் குடும்பங்களுக்கும் வந்தன. மோரிஸ் மைனர் 1948இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. 1970களின் தொடக்கத்தில் உற்பத்தி நிற்பதற்குள் 16 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் செய்யப்பட்டன. தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்குக் குடிபெயர்ந்த பிள்ளைகள் சிலர், தகப்பனார் ஓட்டிய காரை விற்க மனமில்லாமல் இன்றும் வைத்திருக்கிறார்கள்.

பினாங்கு ஜோர்ஜ்டவுனில்தான் தொல்லை. அங்குள்ள பழைய கடைவீடுகளில் பல, கார் வருவதற்கு முன்னே கட்டப்பட்டவை. வாசலில் ஐந்தடி நடைபாதை. அதைத் தாண்டினால் தெரு. வண்டி நிறுத்த இடமே கிடையாது. 2008இல் ஜோர்ஜ்டவுன் உலகப் பாரம்பரிய நகரமானதிலிருந்து, பழைய கட்டடத்தை நம் விருப்பம்போல் இடித்து மாற்றவும் முடியாது. ஆகவே பின்சந்திலோ, காலி மனையிலோ நிறுத்தி மூடிவிடுகிறார்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் அப்படித்தான் செய்தது. தகப்பனார் தோட்டத்தில் ஓய்வு பெற்றபோது கிடைத்த பணத்தில் வாங்கிய மோரிஸ் மைனர் அது. அவர் காலமான பிறகு மகன் அதைப் பட்டணத்துக்குக் கொண்டுவந்து, நல்ல கனமான பிளாஸ்டிக் போர்வையாகப் பார்த்து வாங்கி மூடி, காற்றில் பறக்காதபடி கயிறும் கட்டிவைத்தார். ஓராண்டு கழித்துப் பிரித்துப் பார்த்தால், கூரையிலும் முன்மூடியிலும் அம்மை போட்டதுபோல் கொப்புளம்! நகத்தால் கீறினால் உள்ளே தண்ணீர். தண்ணீருக்கு அடியில் துரு. மூலைகளில் சாயம் மங்கி வெளுத்திருந்தது. பட்டறைக்காரர் தகடுவரை சுரண்டித்தான் மறுபடி அடிக்கவேண்டும் என்று சொல்லிவிட்டார். பல மாதச் சேமிப்பு அதில் போயிற்று. மகனை அலட்சியக்காரர் என்று நான் சொல்லமாட்டேன். அக்கறை இருந்ததால்தானே மூடினார்?

உள்ளே நடந்தது என்ன? தோட்டத்துப் புகைக்கூடத்தை நினைத்துப் பாருங்கள். கித்தா ஷீட்டுகளைக் கழியில் இடைவெளி விட்டுத் தொங்கப்போடுகிறோம். ஈரம் காயாத ஷீட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மூடிவைத்தால் என்ன ஆகும்? பூசணம் பிடித்துவிடும். காருக்கும் அதே கதைதான்.

மூடிய போர்வைக்குள் ஈரம் பல வழியாக வருகிறது. தரை புல்லாகவோ மண்ணாகவோ இருந்தால், பகல் வெப்பத்தில் அதிலிருந்து ஆவி எழுந்து நேரே காருக்கடியில் நுழைகிறது. தையல் வழியே மழை கசிகிறது. காற்றிலேயே ஈரம் இருக்கிறது. நம் நாட்டு இரவுகளில் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தொடுவது சாதாரணம். அப்படிப்பட்ட இரவில், காரின் தகடு காற்றைவிட ஏறக்குறைய இரண்டு பாகை குளிர்ந்தாலே போதும், அதன்மேல் நீர்த்துளி படிந்துவிடும். மூடாத காரிலும் படியத்தான் செய்யும். ஆனால் காலை வெயிலும் காற்றும் பட்டதும் காய்ந்துவிடும். பிளாஸ்டிக் போர்வைக்குள் படிந்த நீர் எங்கே போகும்? பகலில் ஆவியாகி, இரவில் மீண்டும் துளியாகி, அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். கார் நாள்தோறும் வேர்த்துக்கொண்டே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

சாயம் தண்ணீரை உள்ளே விடாது என்றுதான் நினைக்கிறோம். உண்மையில் அது முழுத் தடுப்பு அல்ல. காரின் சாயம் மொத்தமும் சேர்ந்து ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். தலைமுடி ஒன்றின் பருமனைவிடச் சற்றே கூடுதல். நாள்கணக்கில் ஈரம் நின்றால் நீர் அதனூடே மெல்ல ஊடுருவும். சாயம் அடித்தபோது அடியில் கை வியர்வையின் உப்போ வேறு அழுக்கோ தங்கியிருந்தால், அந்த இடம் நீரை இழுத்துக்கொள்ளும். பாயசத்தில் போட்ட உலர்ந்த திராட்சை எப்படி ஊதிப் பெருக்கிறதோ அப்படித்தான் சாயத்தடியில் கொப்புளம் எழுகிறது. கொப்புளத்துக்குள் இருக்கும் நீர் தகட்டைத் துருவாக்குகிறது. சாயம் அழகுக்காக மட்டும் பூசப்பட்டதன்று. இரும்புக்கு அதுதான் தோல். தோல் போனால் அப்புறம் உடல்தான்.

பழைய கார்களுக்கு இன்னோர் ஆபத்தும் உண்டு. அந்நாளில் பல கார்களுக்கு அடித்தது செல்லுலோஸ் சாயம். நம் பட்டறைகளில் என்.சி. சாயம் என்பார்கள். அமெரிக்காவில் 1920களில் அது பரவியபோது, காய்வதற்கு வாரக்கணக்கில் பிடித்த வேலை சில மணி நேரத்தில் முடிந்ததாம். ஆனால் அது கரைப்பான் ஆவியாகிப் போவதால் மட்டுமே காயும் சாயம். எத்தனை ஆண்டு ஆனாலும் தின்னர் பட்டால் மறுபடி கரைந்துவிடும். பிளாஸ்டிக் போர்வையை வளைந்து கொடுக்கும்படி செய்ய ஒருவகை எண்ணெய்ப் பொருளைக் கலக்கிறார்கள். வெயிலின் சூட்டில் அது போர்வையிலிருந்து கசிந்து சாயத்தில் இறங்கினால், சாயம் இளகிப் பிசுபிசுக்கும்; போர்வையின் மடிப்பும் தையலும் அச்சுப்போல் பதிந்துவிடும்.

பிறகு காற்று. தளர்வான போர்வை காற்றில் அடித்துக்கொண்டே இருக்கும். அதற்கும் சாயத்துக்கும் நடுவே மணல்தூசி இருந்தால் உப்புத்தாளால் தேய்ப்பதற்கும் அதற்கும் வேறுபாடில்லை. கூரையோரமும் மட்கார்டு வளைவுகளும்தான் முதலில் வெளுக்கும்.

கடையில் விற்கும் போர்வையின் உறையில் எல்லாப் பருவத்துக்கும் ஏற்றது என்று அச்சிட்டிருப்பார்கள். எந்த நாட்டுப் பருவம்? லண்டனில் ஆண்டுக்குச் சுமார் 600 மில்லிமீட்டர் மழை. பினாங்கிலோ ஏறத்தாழ 2,400. அங்கே குளிர்காலத்தில் பனியை உருக்கச் சாலையில் உப்புத் தூவுவதால், பழைய காரைச் சில மாதம் கொட்டகைக்குள் விட்டு மூடுகிறார்கள். அந்தப் பழக்கத்தை நாம் வெட்டவெளியில் கடைப்பிடிப்பது பொருந்தாது. கோயம்புத்தூரில் 2015இல் திறக்கப்பட்ட ஜி.டி. கார் அருங்காட்சியகத்திலும் பழைய கார்களைக் கட்டடத்துக்குள்தான் வைத்திருக்கிறார்கள்.

சரி, இடம் இல்லாதவர் என்ன செய்வது? முதலில் கூரையைப் பற்றி நினையுங்கள். நான்கு தூண், மேலே தகரம், பக்கங்கள் திறந்தபடி. இது எந்த விலையுயர்ந்த போர்வையையும்விட மேல். தோட்டத்திலோ கம்பத்திலோ உறவினர் வீட்டில் அப்படி ஒரு கொட்டகை இருந்தால் காரை அங்கே விட்டுவைப்பது நல்லது. அதற்கும் வழியில்லையென்றால், சிமெண்டுத் தரையில் நிறுத்துங்கள். மூச்சுவிடும் துணிப் போர்வை, உட்புறம் மென்மையானதாகப் பார்த்து, காரின் அளவுக்கு இறுக்கமாக வாங்குங்கள். கழுவித் துடைத்து, நன்றாகக் காய்ந்து, எஞ்சின் சூடு ஆறிய பிறகே மூடவேண்டும். வாரத்துக்கு ஒரு நாளாவது பிரித்துக் காரையும் போர்வையையும் தனித்தனியே உலர்த்துங்கள். பெருமழை பெய்தால் வாரக்கணக்கு பார்க்காதீர்கள். மழை விட்டதும் பிரித்துவிடுங்கள். பினாங்கில் செப்டம்பர் முதல் நவம்பர்வரை இதில் கூடுதல் கவனம் வேண்டும். வாரம் ஒருமுறை பிரிக்க ஆள் இல்லையா? அப்படியானால் மூடாமலே விடுவது மேல் என்பது என் கருத்து. வெயிலால் சாயம் மங்கும். ஆனால் மங்கிய சாயத்தைப் பாலிஷ் போட்டுப் பெரும்பாலும் மீட்கலாம். கொப்புளத்தை எந்தப் பாலிஷும் மீட்காது.

பிரித்த அன்றே சாயம் பால்போல் வெளுத்துத் தெரிந்தால் பதறித் தேய்க்கத் தொடங்காதீர்கள். சில வேளைகளில் அது உள்ளே நின்ற ஈரம்தான். காற்றோட்டமான நிழலில் சில நாள் விட்டுப் பாருங்கள். தானே தெளிவதும் உண்டு.

போர்வைத் துணி மூச்சுவிடுமா என்பதை வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரு குவளையில் கொதிநீர் ஊற்றி, வாயைத் துணித்துண்டால் மூடி, மேலே முகம் பார்க்கும் கண்ணாடியைப் பிடியுங்கள். கண்ணாடி மங்கினால் ஆவி வெளியே வருகிறது, துணி நல்லது. மங்காவிட்டால் அந்தத் துணிக்குள் உங்கள் கார் வேர்க்கும். பிள்ளைகளை உடன் வைத்துக்கொண்டு செய்யுங்கள். கொதிநீர் ஊற்றுவதை மட்டும் பெரியவர்கள் பார்த்துக்கொள்ளவேண்டும். லயத்து வாசலில் பிளாஸ்டிக் தாள் போட்டு மூடிவைத்திருக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் இதே சோதனை பொருந்தும். அதன் தாளை இன்று மாலையே கொஞ்சம் தூக்கி, பெட்ரோல் தொட்டியின்மேல் கைவைத்துப் பாருங்கள், ஈரமாக இருக்கிறதா என்று.