துலா மிதித்த தோட்டங்கள்

யாழ்ப்பாணம் என்றதும் நல்லூரும் கோட்டையும் உங்கள் கண்முன் வந்திருக்கும். அவற்றை நீங்கள் அறிவீர்கள். நாம் உரும்பிராய், கோப்பாய், நீர்வேலி என்னும் ஊர்களின் பக்கம் போவோம். எனக்கு உயிரான செம்மண் அது.

அங்கே நெல்லுக்கு வயல், மற்றதற்கெல்லாம் தோட்டம். நெல் மாரி மழையை நம்பி விளையும். தோட்டத்திலோ சின்ன வெங்காயம், மிளகாய், புகையிலை, மரவள்ளி, வாழை என்று மாறி மாறி ஏதாவது நிற்கும். வேலி அடைத்த பழைய பனையோலையைக்கூட வீசமாட்டார்கள். மண்ணுக்குள் புதைத்துப் பசளையாக்கிவிடுவார்கள்.

இத்தனைக்கும் அந்த மண்ணில் ஓர் ஆறு இல்லை. தண்ணீரெல்லாம் சுண்ணாம்புக் கல்லுக்குள் மழை சேர்த்து வைத்ததுதான். அதை மேலே கொண்டுவந்தது துலா. துலா மிதிப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? கிணற்றடியில் இரண்டு பூவரச மரங்கள்தான் துலாவைத் தாங்கும் ஆடுகால். நடுவில் நீண்ட துலா மரம். அதன்மேல் ஒருவர் முன்னும் பின்னுமாக நடப்பார். கிணற்று வாயில் நிற்பவர் தண்ணீர் அள்ளும் பட்டையைப் பிடித்துத் தண்ணீரை வாய்க்காலில் ஊற்றுவார். இன்னொருவர் பாத்திக்குப் பாத்தி தண்ணீரை மாற்றிவிடுவார். விடியுமுன்னே தொடங்கிவிடும் வேலை. கால் தவறினால் கிணறு! அந்த உயரத்தில் அவர்கள் நடந்த நிதானத்தை நினைத்தால் இன்றும் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

பிறகு மண்ணெண்ணெயில் ஓடும் நீரிறைக்கும் இயந்திரம் வந்தது. 1970களில் வெங்காய, மிளகாய் இறக்குமதிக்குத் தடை வந்தபோது இந்தத் தோட்டங்களில் பணம் புரண்டது, கல்வீடுகள் எழுந்தன. 1977க்குப் பின் இறக்குமதி திறந்துவிடப்பட, விலை விழுந்தது. 1990களில் போரும் பொருளாதாரத் தடையும் மண்ணெண்ணெயை அருமையாக்கியபோது, துலாவுக்கு மறுபடியும் வேலை வந்தது.

நேயர்களே, ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் கிணறுகளுக்கு ஊறிவரும் நன்னீர் உப்புநீரின் மேல் மெல்லிய படலமாகத்தான் கிடக்கிறது. அளவுக்கு மீறி இறைத்தால் கிணறு உப்பேறிச் சவராகும். சவரான கிணற்றை நம்பி வெங்காயம் நட முடியாது. துலா மிதித்த மனிதருக்குக் கால் ஓய்ந்தால் இறைப்பும் ஓய்ந்தது. கிணறு ஊற நேரம் கிடைத்தது. இயந்திரத்துக்கு ஓய்ச்சல் இல்லை. ஆகவே போதும் என்று நிறுத்தும் பொறுப்பு இப்போது நம் கையில். அந்தப் பக்கம் தோட்டம் வைத்திருக்கும் நேயர்களே, மழைநீரை மண்ணுக்குள் இறங்க விடுங்கள். தேவைக்கு மட்டும் இறையுங்கள். ஆறில்லாத ஊருக்கு அந்தக் கிணறுகள்தான் ஆறு.