கூத்து வாத்தியாரின் பன்னிரண்டு மாதங்கள்

(ஊராட்சி உறுப்பினர் கூட்டம் ஒன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தெருக்கூத்து என்றதும் தங்கள் நினைவுக்கு வருவது திருவிழா இரவுதான். பங்குனி முதல் ஆடி வரை செய்யாறு, வந்தவாசி, காஞ்சிபுரம் வட்டாரத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடைபெறுகிறது. பகலில் பிரசங்கியார் சொல்லும் கதையை இரவில் நாங்கள் ஆடிக் காட்டுகிறோம். வில் வளைப்பு, துகிலுரிதல், அர்ச்சுனன் தபசு, கர்ண மோட்சம் என ஆடிப் படுகளத்தன்று துரியோதனனை வீழ்த்திவிட்டு அடுத்த ஊருக்கு வண்டியேறி விடுகிறோம். ஊரார் கண்டது அவ்வளவே. எங்களுள் வாத்தியார் என அழைக்கப்படுவோர் ஆண்டு முழுவதும் செய்யும் வேலையைப் பற்றி இன்று சில சொற்கள் கூற விழைகின்றோம்.

ஆட்டம் நடக்கும் இரவிலும் வாத்தியாரைக் கவனிப்போர் சிலரே. இருவர் திரை பிடிக்க, அதன் பின்னிருந்து வேடம் பாடிக்கொண்டு வெளிப்படும்போது மக்களின் கண் கிரீடத்தின்மீதும் புஜகீர்த்தியின்மீதும் இருக்கும். பின்பாட்டுக்காரர் வரிசையில் தாளத்தைக் கையிற் பிடித்து நிற்பவரே வாத்தியார். கர்ணனுக்கு விருத்தத்தின் அடி மறந்தால் அடுத்த சொல் அவர் வாயிலிருந்து வரும். மிருதங்கம் தளர்ந்தால் அவர் தாளம் சற்று ஓங்கும். விடியுமுன் முடித்தால் ஊருக்குக் குறை; விடிந்த பின்னும் நீண்டால் கறவை மாட்டை நினைத்துப் பெண்கள் எழுந்துவிடுவர். எந்தத் தருவை இரண்டாம் முறை பாடுவது, எந்த வசனத்தைச் சுருக்குவது என்பதெல்லாம் அவர் பொறுப்பு.

கற்பிக்கும் வேலை இதனினும் கடினம். எங்களிடம் வரும் பையன் முதலில் பெட்டி தூக்குவான், திரை பிடிப்பான், அரிதாரம் குழைப்பான். கேட்டுக் கேட்டே பாட்டு அவனுக்குள் இறங்கும். பின்னர்ச் சிறு வேடம், பெண் வேடம் எனப் படிப்படியாக ஏறிக் கட்டை வேடத்துக்கு வருவான். கலியாண முருங்கை மரத்திற் செதுக்கிக் கண்ணாடித் துண்டுகள் பதித்த அணிகளையே கட்டை என்கிறோம். இலேசான மரந்தான், ஆயினும் அதனைத் தலையிலும் தோளிலும் மார்பிலும் கட்டிச் சுழன்றாடிய பின், இரைக்காமல் அடுத்த அடியைப் பாட வேண்டுமே! அதற்குச் சில ஆண்டுகள் பிடிக்கும். ஒலிபெருக்கி வந்த பிறகு குரலுக்கு உழைப்போர் குறைந்துவிட்டனர். அதன் முன்னே ஆணி அடித்தாற்போல் நின்று பாடும் கர்ணனை எங்களுக்குப் பிடிப்பதேயில்லை.

தை மாதத்தில் நெல் வீடு சேர்ந்த பின், சில ஊர்களில் உழவர்களே ஒரு கூத்தைக் கற்று அரங்கேற்ற விரும்பி வாத்தியாரை அழைப்பதுண்டு. வீட்டுக்கு வீடு முறை வைத்துச் சோறு வரும். பகலெல்லாம் வேலை செய்த உடம்பு இரவு எட்டு மணிக்கு அடவு பழக வந்து நிற்கும். அங்கு முதற் சிக்கல் அடவன்று. எவருக்கு எவ்வேடம் என்பதே. பணம் மிகுதியாகக் கொடுத்தவர் அர்ச்சுனன் வேடம் கேட்பார். அவருக்குத் தாளம் நிற்காது. கூலி வேலை செய்யும் இளைஞன் நன்றாகப் பாடுவான். அவன் சாமி வேடம் கட்டுவதற்கு ஊர் ஒப்புமா என்ற பேச்சு எழும். ஓர் ஊரில், பெயர் வேண்டாம், அத்தகைய இளைஞனுக்கே கிருஷ்ணன் வேடம் தந்தோம். சில வீட்டுச் சோறு நின்றுபோயிற்று. அரங்கேற்ற இரவில் தூதுக் கட்டம் முடிந்ததும், சோற்றை நிறுத்திய பெரியவர்களுள் ஒருவர் எழுந்து வந்து அவன் மார்பில் ரூபாய் நோட்டைக் குத்தினார். மற்றொருவர் இன்றுவரை எங்களோடு பேசுவதில்லை.

இனிப் பணம். அச்சாரம் கொடுத்து வெற்றிலை பாக்கு மாற்றினால் நாள் உறுதி. எழுத்தில் ஏதும் இராது. வேறோர் ஊரில், ஆட்டத்துக்கு முதல் நாள் மாலையில், இன்னிசைக் கச்சேரி வைத்துவிட்டோம் என்று சொல்லி எங்களை நிறுத்திவிட்டனர். அதே நாளுக்குக் கேட்ட மற்றோர் ஊரை முன்பே அனுப்பிவிட்டோம். வேடக்காரர்களுக்கு வாத்தியார் தரும் முன்பணமோ பெரும்பாலும் கடன் வாங்கியது. 2020 இல் பங்குனியிலேயே ஊரடங்கு வந்து பாரதக் காலம் முழுவதும் அழிந்தபோது அக்கடனுக்கு வட்டி மட்டும் நிற்கவில்லை.

மேடை நாடகத்தில் நிலைமை சிறிது வேறாக இருந்தது. சங்கரதாஸ் சுவாமிகளின் தலைமையில் 1918 இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில், டி. கே. எஸ். சகோதரர்கள் சிறுவர்களாகச் சேர்ந்தார்கள். சபையிலேயே உணவும் இடமும் இருந்தமையால் ஆசிரியர் பகலெல்லாம் கற்பிக்க முடிந்தது. எங்கள் கூத்துக்கும் அவ்வழியைத் தேடியவர் உண்டு. காஞ்சிபுரத்துக்கு அருகே புஞ்சரசந்தாங்கலில், பெருங்கட்டூர் ராஜகோபால் முதலியோர் 2002 இல் தொடங்கிப் பல ஆண்டுகள் நடத்திய குருகுலத்தில், சிறுவரோடு சிறுமியரும் பள்ளிப் பாடமும் கூத்தும் சேர்த்துக் கற்றார்கள். புரிசைக் கண்ணப்பத் தம்பிரான் சென்னைக் கூத்துப்பட்டறையின் நடிகர்களுக்கே ஆசிரியரானார். அவர் மகனார் கண்ணப்ப சம்பந்தனுக்கு 2025 இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. எங்களுக்குப் பெருமைதான். ஆனால் விருது பெறாத வாத்தியார் ஐப்பசியில் என்ன செய்கிறார்? தறியில் அமர்கிறார், அல்லது தங்கள் நிலத்தில் கூலிக்கு வருகிறார். அரசாங்கப் படிவம் எதிலும் அவர் தொழில் ‘கூலி’ என்றே எழுதப்படுகிறது. 2007 இல் நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் ஏற்பட்டது. அதன் உதவி பதிவு செய்தவர்க்கே கிட்டும். படிவம் நிரப்பத் தெரியாமலே முதுமையடைந்த வாத்தியார்கள் தங்கள் ஊரில் இருக்கக்கூடும். உறுப்பினர்கள் விசாரித்துப் பார்க்க வேண்டுகிறோம்.

மழைக் காலத்தில் எங்களுக்கு ஆட்டம் குறைவு. கற்பிக்க நேரம் உண்டு, இடந்தான் இல்லை. ஊராட்சியின் சமுதாயக் கூடம் மாலையில் இரண்டு மணி நேரம் விளக்கோடு கிடைத்தால் போதும். திருவிழாவில் வாண வேடிக்கைக்கு ஒதுக்கும் தொகையில் ஒரு பங்கை, அம்மூன்று மாதமும் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் வாத்தியாருக்கு ஊதியமாகத் தரலாகாதா? அச்சாரம் தரும்போது நாளும் தொகையும், ஆட்டம் நின்றால் ஊர் தர வேண்டியதும் ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிடலாம். இவற்றை எடுத்துப் பேச நவம்பர் 1 ஆம் நாள் கிராம சபை வசதியானது. அது ஐப்பசியில் வருகிறது. அன்று நாங்களும் ஊரில்தான் இருப்போம்.