மருந்தடிக்கும் முன்னால் இலையைத் திருப்பிப் பாருங்க
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



வீட்டுத் தோட்டத்துப் பூச்சிகளைப் பற்றிப் பேசச் சொன்னாங்க. நடந்த ஒரு விஷயத்தில் இருந்து ஆரம்பிக்கிறேன்.

2008-இல் கோயம்புத்தூர் பக்கம் பப்பாளியில் வெள்ளையாக ஒரு மாவுப்பூச்சி வந்தது. மெக்சிகோ நாட்டுப் பூச்சி. பப்பாளியோடு நிற்காமல் மல்பெரி, செம்பருத்தி, நம்ம குச்சிக்கிழங்கு வரைக்கும் பரவியது. மேலே மெழுகு மாதிரி மாவு மூடியிருப்பதால் மருந்து சரியாகப் பிடிக்கவில்லை. நல்ல பூச்சிகள்தான் செத்தன. 2010-இல் பெங்களூரில் உள்ள மத்திய அரசின் பூச்சி ஆய்வு நிறுவனம், போர்ட்டோ ரிக்கோவில் இருந்து கடுகைவிடச் சின்னக் குளவி ஒன்றை வரவழைத்தது. அது மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டையிடும். அதன் புழு உள்ளிருந்தே தின்றுவிடும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அதைப் பெருக்கிக் கொடுத்தது. மாவுப்பூச்சி அடங்கியது.

இப்படிப்பட்ட காவல்காரங்க நம்ம தோட்டத்திலும் இருக்காங்க. அவரையில் அசுவினி மொய்த்தால், பக்கத்தில் பொறிவண்டு இருக்கான்னு பாருங்க. அதன் புழு கறுப்பாக, குட்டி முதலை மாதிரி இருக்கும். பயந்து நசுக்கிடாதீங்க, அசுவினியைத் தின்பதே அதுதான்.

செடியில் எறும்பு வரிசையாக ஏறுதா? மேலே அசுவினியோ மாவுப்பூச்சியோ இருக்கலாம். அவை விடும் இனிப்புத் தண்ணிக்காக எறும்பு காவல் நின்று, பொறிவண்டை விரட்டும். தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினாலே அசுவினி நிறைய உதிர்ந்துவிடும்.

கறிவேப்பிலையில் பறவை எச்சம் மாதிரி ஒட்டியிருப்பது வண்ணத்துப்பூச்சியின் புழு. வளர்ந்தால் பச்சையாகிவிடும். கையால் பொறுக்கிக் கோழிக்குப் போடுங்க.

அப்படியும் அடங்கலைன்னா, 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, துணியில் கட்டி, 1 லிட்டர் தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊற வையுங்க. பிழிந்து வடிகட்டி, கொஞ்சம் காதி சோப்பைக் கரைத்து, சாயங்காலம் இலையின் அடிப்பக்கம் படும்படி தெளியுங்க.

கிழங்குக் காட்டுக்கு வாங்கின மருந்து மிச்சம் இருக்கேன்னு கீரையிலும் அவரைப் பந்தலிலும் அடிக்காதீங்க. அது நம்ம பிள்ளைங்க தட்டுக்குத்தான் வரும்.

அடுத்த குழுக் கூட்டத்துக்கு, சந்தேகமான பூச்சியை இலையோடு ஒரு டப்பாவில் கொண்டு வாங்க. சேமிப்பு கட்டி முடித்ததும் எல்லோரும் பார்ப்போம். மருந்து வாங்க உள்கடன் எழுதுவதை அதற்கப்புறம் யோசிப்போம்.