நோயாளியைக் கவனிப்பவரையும் கவனிப்போம்



வீட்டில் ஒருவர் நோயாய்ப் படுத்துவிட்டால் உற்றார் உறவினர் பார்க்க வருவார்கள். கையில் மைலோ டின்னும் ஆரஞ்சுப் பழமும் இருக்கும். கட்டில் அருகே அமர்ந்து, "இப்பொழுது உடம்பு எப்படி இருக்கிறது?" என்று அன்போடு விசாரிப்பார்கள். அடுப்படியிலிருந்து காப்பி கலக்கிக் கொண்டுவரும் மகளையோ மருமகளையோ பார்த்து, "நீ எப்படியம்மா இருக்கிறாய்?" என்று கேட்பவர்கள் மிகச் சிலரே. அந்த மகளின் மனநலத்தைப் பற்றித்தான் இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

நம் சமூகத்தில் இப்படிப்பட்ட வீடுகள் குறைவல்ல. 2019-ஆம் ஆண்டு மலேசியச் சுகாதார அமைச்சு நடத்திய தேசியச் சுகாதார ஆய்வில், பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பது தெரிந்தது. இந்தியர்களை மட்டும் கணக்கெடுத்தால் அது 31.4 விழுக்காடு! இனிப்பு நீர் முற்றினால் கால் போகிறது, கண் போகிறது, சிறுநீரகம் போகிறது. பக்கவாதமும் வருகிறது. சிறுநீரகம் பழுதானவருக்கு வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் சுமார் நான்கு மணி நேரம் இரத்தச் சுத்திகரிப்பு செய்ய வேண்டும். அவரை அழைத்துக்கொண்டு போக ஓர் ஆள், காத்திருக்க ஓர் ஆள், திரும்ப மாடி ஏற்ற ஓர் ஆள். பெரும்பாலான வீடுகளில் இந்த மூன்று ஆளும் ஒரே ஆள்தான்.

பழைய தோட்ட வாழ்க்கையைச் சற்று நினைத்துப் பாருங்கள். தாய்மார்கள் விடியற்காலையில் பெரட்டுக்குப் போகும்போது பிள்ளைகளை ஆயாக்கொட்டகையில் விட்டுச் செல்வார்கள். லயத்தில் பக்கத்து வீட்டுக்கும் நம் வீட்டுக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர்தான். கிழவர் இருமினால் அடுத்த வீட்டுக்குக் கேட்கும். "அத்தை, கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு குரல் கொடுத்தால் போதும். அந்த வாழ்க்கையில் வறுமையும் துன்பமும் மலிந்திருந்தன, மறுக்கவில்லை. ஆயினும் கவனிக்கும் வேலை பல கைகளில் பிரிந்து கிடந்தது.

1980-களிலும் 90-களிலும் கிள்ளான் பள்ளத்தாக்கில் தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாயின. புத்ராஜெயா உருவானபோது பிராங் பெசார் முதலிய தோட்டங்களின் மக்கள் டிங்கிலில் உள்ள தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிகளுக்குக் குடிபோனார்கள். கிள்ளான் வட்டாரத்திலும் இவ்வாறு பலர் மாடி வீடுகளுக்கு மாறினார்கள். மாடி வீட்டில் இரும்புக் கதவைச் சாத்தினால் உள்ளே நடப்பது எவருக்கும் தெரியாது. லயம் முழுதும் சேர்ந்து சுமந்த பாரம் இன்று ஒருத்தியின் தோளில் இறங்கியிருக்கிறது.

இந்தப் பாரம் மனத்தை எப்படி நோயாக்குகிறது? இரவில் நோயாளி மூன்று தடவை எழுந்தால் கவனிப்பவரும் மூன்று தடவை எழ வேண்டும். தூக்கம் கெடுகிறது. வேலையை விட நேர்ந்தால் வருமானம் நிற்கிறது. கோயில் திருவிழா, கல்யாணம், காட்சி என்று போய்வந்ததெல்லாம் நின்றுபோகிறது. சளியோ காய்ச்சலோ ஒரு வாரத்தில் தீரும். இது எப்போது தீரும் என்று சொல்ல முடியாது. அலுப்பில் ஒரு நாள் நோயாளியிடம் கத்திவிட்டால், "பெற்ற தாயை இப்படிப் பேசிவிட்டேனே" என்ற குற்ற உணர்ச்சி வேறு. இவை எல்லாம் மாதக்கணக்கில் சேரும்போது மனச்சோர்வு என்னும் நோய் பிடிக்கிறது.

சாதாரண அலுப்புக்கும் மனச்சோர்வு நோய்க்கும் வேறுபாடு உண்டு. அலுப்பு ஒரு நாள் ஓய்வெடுத்தால் போகும். மனச்சோர்வு போகாது. இரண்டு கேள்விகளை நம்மை நாமே கேட்டுக்கொள்ளலாம். கடந்த இரண்டு வாரங்களாகப் பெரும்பாலான நாள்களில் மனம் கவலையாகவும் நம்பிக்கை இழந்தும் இருக்கிறதா? முன்பு விரும்பிச் செய்தவற்றில் இப்போது நாட்டம் இல்லாமல் போய்விட்டதா? இவற்றில் ஒன்றுக்காவது 'ஆம்' என்று பதில் வந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். பசியின்மை, விடியுமுன் விழிப்பு, காரணமில்லாத அழுகை, எரிச்சல், மறதி ஆகியவையும் அடையாளங்களே. நம் பெண்கள் பலர் மனக்கவலை என்று வாய்திறந்து சொல்வதில்லை. தலைவலி, உடம்புவலி, நெஞ்சு படபடப்பு என்றுதான் சொல்வார்கள். வீட்டில் இருப்பவர்கள் இதைப் புரிந்துகொள்ள வேண்டும்.

எங்களைப் போன்ற ஆசிரியர்களுக்கு இது சில சமயம் பிள்ளைகள் மூலமாகத் தெரியவரும். நன்றாகப் படித்த பிள்ளை வகுப்பில் தூங்கி விழும், வீட்டுப்பாடம் செய்திருக்காது, சட்டை துவைத்திருக்காது. மெல்ல விசாரித்தால், "பாட்டிக்கு முடியவில்லை சார், அம்மா எந்நேரமும் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார்கள்" என்று சொல்லும். பாட்டிக்கு வைத்தியம் நடக்கும். அம்மாவும் நோயாளி என்பது எவருக்கும் தோன்றியிருக்காது.

இதைச் சோம்பல் என்றோ, பாசக் குறைவு என்றோ, பைத்தியம் என்றோ சொல்லிவிடாதீர்கள். 2023-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி, நம் நாட்டில் 16 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் 4.6 விழுக்காட்டினருக்கு, அதாவது சுமார் 10 லட்சம் பேருக்கு, மனச்சோர்வு உள்ளது. காத்துக் கருப்பு என்று எண்ணி மந்திரிக்கப் போகிறவர்களும் உண்டு. கோயிலுக்குப் போங்கள், மனம் ஆறுதல் அடையும். அத்துடன் கிளினிக்கிற்கும் போங்கள்.

அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் 1 ரிங்கிட். "நான் நோயாளியைக் கவனித்து வருகிறேன், எனக்குத் தூக்கமும் இல்லை, மனமும் சரியில்லை" என்று மருத்துவரிடம் நேராகச் சொல்லுங்கள். தேவையானால் அவர் கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கடிதம் கொடுப்பார். சிலருக்கு மனம்விட்டுப் பேசும் ஆலோசனையே போதும். சிலருக்கு மாத்திரையும் வேண்டும். மாத்திரை வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும். இரண்டு நாளில் குணம் இல்லையென்று நிறுத்திவிடாதீர்கள். குணமானதும் நீங்களாக நிறுத்திவிடவும் கூடாது.

மாத்திரை ஒரு பாதி வேலையைத்தான் செய்யும். மறுபாதியைக் குடும்பம் செய்ய வேண்டும். அண்ணன் தம்பிகள், அக்கா தங்கைகள் ஒரு நாள் கூடி உட்காருங்கள். யார் எந்த நாள் பார்ப்பது, யார் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வது, யார் பணம் கொடுப்பது என்று காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். பணம் அனுப்புவதோடு என் கடமை முடிந்தது என்று ஆண்மக்கள் எண்ணலாகாது. வாரத்தில் ஒரு நாள், கவனிப்பவர் வெளியே போய்வர விடுங்கள். நோயாளியும் தம்மால் இயன்றதைத் தாமே செய்யட்டும். கண்பார்வை இழந்தவர்களுக்குத் தாமே நடமாடவும் தொழில் செய்யவும் பயிற்சி தரும் மலேசியப் பார்வையற்றோர் சங்கம் பிரிக்பீல்ட்ஸில் இருக்கிறது. 1951-இல் தோன்றிய சங்கம் அது. நோயாளி ஒரு படி தேறினால் கவனிப்பவரின் பாரம் இரண்டு படி குறையும்.

வெளி உதவிகளும் உண்டு. படுத்த படுக்கையான ஊனமுற்றோரையும் நாள்பட்ட நோயாளிகளையும் கவனிப்பவர்களுக்குச் சமூக நல இலாகா உதவித்தொகை வழங்குகிறது. மாதம் 350 ரிங்கிட்டாக இருந்த அத்தொகை 2021-இல் 500 ரிங்கிட்டாக உயர்ந்தது. வருமான நிபந்தனை உண்டு. இலாகாவின் மாவட்ட அலுவலகத்தில் விசாரியுங்கள். குணமாக்க முடியாத நோய் முற்றியவர்களுக்கு, 1991-இல் தொடங்கிய ஹோஸ்பிஸ் மலேசியா என்னும் அமைப்பு கிள்ளான் பள்ளத்தாக்கில் வீடு தேடி வந்து இலவசமாக உதவுகிறது.

ஒன்றை மிக அக்கறையோடு சொல்கிறோம். "நான் இல்லாமல் போனால் நல்லது" என்ற எண்ணம் எழுமானால் அந்த நேரத்தில் தனியாக இருக்காதீர்கள். உடனே ஒருவரிடம் சொல்லுங்கள். முன்பு தற்கொலை முயற்சி குற்றமாக இருந்தது. அச்சத்தால் பலர் மறைத்தார்கள். அந்தச் சட்டப்பிரிவு 2023-இல் நீக்கப்பட்டுவிட்டது. இப்போது அஞ்ச வேண்டியதில்லை. 1970-இல் தோன்றிய பிரெண்டர்ஸ் அமைப்பை 03-7627 2929 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். சுகாதார அமைச்சின் மனநல உதவி எண் 15555. உங்கள் வீட்டில் எவராவது இப்படிப் பேசினால் "பைத்தியம் மாதிரிப் பேசாதே" என்று வாயை அடைக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்பார்கள். நோயாளிக்குச் சுவராய் நிற்பவர் கவனிப்பவரே. அவர் உண்ணவும் உறங்கவும் சிரிக்கவும் நேரம் கிடைத்தால்தான் நோயாளியும் நலமாய் இருப்பார். ஆகவே நேயர்களே, அடுத்த முறை நோயாளியைப் பார்க்கப் போகும்போது, "நீ போய்க் கொஞ்சம் படு அம்மா, இரண்டு மணி நேரம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்லுங்கள். மைலோ டின்னைவிட அந்த வீட்டுக்கு அதுவே பெரிய உதவி.