கடதாசியில் இல்லாதது கணக்கில் இல்லை

(பழைய மாணவிகள் சங்கத்தின் பிரித்தானியக் கிளை ஒன்றுகூடலில், இளம் மருத்துவர்களான பழைய மாணவிகளுக்கு ஆற்றிய உரை)



செயலாளர் என்னிடம் "விசேட பயிற்சிக்கு விண்ணப்பிப்பது பற்றிப் பத்து நிமிடம் கதையுங்கோ" என்று கேட்டுக்கொண்டார். மருத்துவர் அல்லாதவர்கள் பொறுத்தருள வேண்டும்.

எங்கள் நாட்டில் விசேட வைத்திய நிபுணராக வேண்டுமானால், உள்ளகப் பயிற்சிக்குப் பின் பட்டப்பின் மருத்துவ நிறுவனத்தின் பரீட்சைக்குப் படிக்கிறோம். புள்ளி வந்தால் இடம் வரும். இந்தப் பழக்கத்தோடு வரும் பிள்ளைகளுக்குப் பிரித்தானியாவின் முறை விளங்குவதில்லை. பிளாப் இரண்டு பகுதிகளும் சித்தியடைந்து, ஜி.எம்.சி. பதிவும் கிடைத்ததும் முக்கால் தூரம் வந்துவிட்டதாக நினைக்கிறார்கள். குடும்ப மருத்துவத்துக்கு எம்.எஸ்.ஆர்.ஏ. என்ற கணினிப் பரீட்சைதான் பிரதானம். ஆனால் உள் மருத்துவம், சத்திரசிகிச்சை போன்ற துறைகளில் நீங்கள் செய்த வேலைக்கும் புள்ளி உண்டு. அதற்கான ஆதாரக் கோவைதான் போர்ட்போலியோ.

நான் இதைப் பட்டுத்தான் அறிந்தேன். ஊரில் வேலை செய்த காலத்தில், ஒவ்வொரு வியாழனும் பின்னேரம் விடுதித் தாதியருக்கு இன்சுலின் பற்றி வகுப்பு எடுத்தேன். ஏறக்குறைய ஒரு வருடம். இங்கே விண்ணப்பித்தபோது கற்பித்தல் பகுதியில் பெருமையோடு அதை எழுதினேன். ஆதாரம் கேட்டார்கள். வரவு இடாப்பு இல்லை, கடிதம் இல்லை, பங்குபற்றியோரின் கருத்துப் படிவம் ஒன்றுகூட இல்லை. கடிதம் தரக்கூடிய நிபுணரோ ஓய்வுபெற்று, வெளிநாட்டில் மகளோடு இருந்தார். அந்த வருடம் எனக்கு இடம் கிடைக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் மாணவத் தலைவியாக இருந்தபோது பிந்தி வந்த பிள்ளைகளின் பெயரைக்கூடக் கொப்பியில் எழுதி ஒப்பம் வாங்கியவள் நான்!

ஆகவே ஊரில் இன்னும் வேலை செய்பவர்களுக்கு முதலில் சொல்கிறேன்: விடுதியை விட்டுப் போகும் முன் கடிதத்தை வாங்குங்கள். வைத்தியசாலைக் கடிதத் தலைப்பில், திகதியோடு, நீங்கள் என்ன செய்தீர்கள் என்று தெளிவாக இருக்க வேண்டும். "கெட்டிக்காரி, நற்பண்புள்ளவர்" என்ற சான்றிதழுக்கு இங்கே புள்ளி இல்லை. கிரெஸ்ட் படிவமும் அப்படித்தான். மூன்று மாதங்களாவது தொடர்ந்து உங்களோடு வேலை செய்த நிபுணர் அதில் ஒப்பமிட வேண்டும். அவர் ஊரில் இருப்பவராகவும் இருக்கலாம். ஒரு கட்டம் விடுபட்டாலும் விண்ணப்பம் நின்றுவிடலாம்.

அடுத்தது ஓடிட். பலர் ஒருமுறை அளந்துவிட்டு ஓடிட் செய்தேன் என்கிறார்கள். அது பாதி வேலை. அனுமதிக்கப்பட்ட நோயாளருக்கு இரத்தக்கட்டி அபாயம் மதிப்பிடப்பட்டதா என்று நாற்பது பேரின் குறிப்புகளைப் பார்க்கிறீர்கள் என்று வைப்போம். குறை தெரிகிறது. அனுமதிப் படிவத்தில் ஒரு வரி சேர்க்கிறீர்கள். இரண்டு மாதம் கழித்து இன்னொரு நாற்பது பேரைப் பார்க்கிறீர்கள். அப்போதுதான் வட்டம் பூர்த்தியாகும். உள் மருத்துவத்தில், எல்லாப் படிகளிலும் நின்று இரண்டு சுற்றுகள் செய்தவருக்கே கூடிய புள்ளி. இதற்குப் பணம் வேண்டாம், பெரிய வைத்தியசாலையும் வேண்டாம். ஆதார வைத்தியசாலையிலேயே செய்யலாம். நோயாளரின் பெயரோ இலக்கமோ மட்டும் கோவைக்குள் வரவே கூடாது.

புள்ளித்திட்டம் ஆண்டுக்காண்டு மாறும். போன வருட அக்கா தந்த குறிப்பை நம்பாமல், அந்த வருடத்துக்குரியதை நீங்களே வாசியுங்கள்.

இனிச் சொல்வது சிலருக்குக் கசக்கலாம். சில மாதங்களுக்கு முன் ஒரு தங்கை கேட்டாள்: "அக்கா, உங்கட கட்டுரையில என்ர பேரையும் சேர்த்து விடுங்கோ, ஒருத்தருக்கும் தெரியாது." அவளுடைய பதற்றம் எனக்கு விளங்கியது. 2025இல் ஏறத்தாழ 10,000 இடங்களுக்கு 30,000க்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். அந்த ஜூலையில் வெளியான பத்தாண்டுத் திட்டத்தில், பிரித்தானியாவில் பட்டம் பெற்றவர்களுக்கும் இங்கே கணிசமான காலம் பணியாற்றியவர்களுக்கும் முன்னுரிமை என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. வீட்டில் கடன் வேறு. ஆனாலும் மறுத்தேன். செய்யாத வேலைக்குப் புள்ளி கோருவது இங்கே நேர்மைப் பிரச்சினை. அது ஜி.எம்.சி. வரை போகலாம். போனால் ஒரு வருடத்தை மட்டுமல்ல, பதிவையே இழக்க நேரலாம். அவளுக்குச் சில நாள் என்னோடு கோபம். பிறகு என் விடுதியிலேயே ஒரு ஓடிட் தொடங்கினோம். முதற்சுற்று முடிந்துவிட்டது. இரண்டாவது நடக்கிறது. அவளுக்கு இடம் கிடைக்குமா என்று எனக்குத் தெரியாது. அதை அவளிடமும் ஒளிக்கவில்லை.

முதல் வருடத்தில் கிடைக்காவிட்டால் பயிற்சி சாராத பதவியில் இருந்துகொண்டே கோவையைக் கட்டலாம். நான் செய்ததும் அதுதான். ஊருக்குத் திரும்பி எம்.டி. செய்பவர்களும் உண்டு. அதைத் தோல்வி என்று சொல்லும் உறவினருக்கு நீங்கள் பதில் சொல்லத் தேவையில்லை.

என் தொலைபேசி இலக்கம் செயலாளரிடம் இருக்கிறது. ஞாயிறு பின்னேரங்களில் உங்கள் கோவைகளைப் பார்த்துத் தருகிறேன். விண்ணப்பம் வழமையாக ஒக்டோபர் பிற்பகுதியில் திறக்கும். செப்டெம்பருக்குள் அனுப்புங்கள், கடைசி வாரத்தில் அனுப்பாதீர்கள். அந்த வாரம் என் பிள்ளைகளுக்கும் பரீட்சை.