எழுந்து ஓடச் சொன்ன டீச்சர்



"என்னால் மறக்க முடியாதவர்" என்று தலைப்பு கொடுத்துப் பேசச் சொன்னாங்க. நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. மைக் முன்னாடி நிற்கிறது இதுதான் முதல் தடவை. தப்பு இருந்தா பொறுத்துக்குங்க. எங்க பி.டி. டீச்சரைப் பற்றிப் பேசப் போறேன். அவங்க பேரைச் சொல்லல. மேடையில பேர் வாசிச்சாலே தலையைக் குனிஞ்சுக்குவாங்க.

எங்க ஊர் ஜீயபுரம் பக்கம். வாழைத் தோப்பும் வாய்க்காலும்தான். ஆறாவதில் இருந்து ஸ்ரீரங்கத்தில் படிச்சேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, ஒண்ணாம் நம்பர் பஸ் பிடிச்சுப் போகணும். டீச்சர் வீடு கோயிலைச் சுற்றின வீதியில்தான். விடியற்காலையிலேயே பெருமாளைச் சேவிச்சுட்டு, தலையில ஒரு துளசியோட மைதானத்துக்கு வருவாங்க. ஏகாதசி அன்னைக்குச் சாப்பிட மாட்டாங்க. ஆனா அன்னைக்கும் வெயிலில் நின்னு விசில் ஊதுறதில் ஒரு குறையும் இருக்காது.

எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது கோ-கோ. எட்டுப் பேர் வரிசையா உட்கார்ந்திருப்போம், ஒருத்தி துரத்துவா. துரத்துறவ பின்னாடி வந்து முதுகைத் தொட்டு "கோ" சொன்னா உட்கார்ந்தவ எழுந்து ஓடணும். தொட்டவ அந்த இடத்தில் உட்காரணும். "கோ சத்தம் கேட்டா யோசிக்கப்படாது, எழுந்துடணும்" என்பாங்க டீச்சர். மார்கழியில் காலைப் பயிற்சிக்கு யாருக்கும் எழுந்திருக்க மனசு வராது. "ஆண்டாள் ஒவ்வொரு வீடாப் போய்த் தோழிகளை எழுப்பலையா? நீங்களும் ஒருத்தியை ஒருத்தி எழுப்பிண்டு வாங்கோ" என்று சிரிப்பாங்க.

இவ்வளவு பக்தி உள்ளவங்க எங்க மேல அதைத் திணிச்சதே கிடையாது. ஆட்டத்துக்கு முன்னாடி, "அவங்கவங்க சாமியை நினைச்சுக்கோங்கோ" என்பாங்க, அவ்வளவுதான். எங்க டீமில் பாலக்கரையில் இருந்து வர்ற ஒரு முஸ்லிம் பொண்ணு இருந்தா. ரம்ஜான் மாசத்தில் அவ நோன்பு இருந்தப்ப குறுவட்டப் போட்டி வந்துச்சு. "பட்டினியோட எப்படி ஓடுவா, வேற ஆளைப் போடுங்க" என்று சிலர் சொன்னாங்க. "விரதம்னா என்னன்னு எனக்குத் தெரியும். முடியுமா முடியாதான்னு அவதான் சொல்லணும்" என்றாங்க டீச்சர். அந்த மாசம் பூரா அவளுக்குக் காலையில மட்டும் பயிற்சி. போட்டி முடிஞ்சு சாயங்காலம் நோன்பு திறக்கிற நேரத்தில், டீச்சர் பையில் இருந்து பேரீச்சம்பழம் எடுத்தாங்க. பெருமாள் பிரசாதம் இருக்கிற அதே பை.

நான் எட்டாவது படிக்கையில வயசுக்கு வந்தேன். "இனிமே பாவாடையைத் தூக்கிக் கட்டிக்கிட்டு ஓடுறதெல்லாம் வேண்டாம்" என்று ஆயா சொல்லிடுச்சு. ஒரு வாரம் கழிச்சு டீச்சர் பஸ் ஏறி எங்க வீட்டுக்கே வந்துட்டாங்க. ஆயாவுக்குக் கையும் ஓடல காலும் ஓடல. ஸ்ரீரங்கத்து அம்மா நம்ம வீட்டில் தண்ணி குடிப்பாங்களான்னு தயங்கி நின்னுச்சு. டீச்சரே, "ஒரு சொம்பு தண்ணி குடுங்கோம்மா, இன்னைக்கு ஏகாதசி, அது மட்டும்தான்" என்று கேட்டு வாங்கிக் குடிச்சாங்க. அரை மணி நேரம் பேசினாங்க. அப்பா சரின்னார். இன்னும் இரண்டு வருஷம் ஓடினேன். மாவட்டப் போட்டி வரைக்கும் போனோம்.

2004-ல் பத்தாவது பாஸ் பண்ணினேன். அப்பா போதும்னுட்டார். டீச்சர் மறுபடியும் வந்தாங்க. இந்தத் தடவை அப்பா இறங்கி வரல. மாப்பிள்ளை பார்க்கிற பேச்சு ஆரம்பிச்சிருந்துச்சு. நான் கதவுக்குப் பின்னாடியே நின்னுட்டேன். வெளியே வந்து "நான் படிக்கணும்"னு ஒரு வார்த்தை சொல்லல. டீச்சருக்கு வணக்கம்கூடச் சொல்லல. அவங்க கொஞ்ச நேரம் திண்ணையில உட்கார்ந்திருந்துட்டு எழுந்து போயிட்டாங்க. அது இன்னைக்கும் எனக்குக் குத்துது.

பத்து வருஷம் கழிச்சு, ஆடிப்பெருக்குக்கு அம்மா மண்டபத்தில் பார்த்தேன். இடுப்பில் என் பொண்ணு. கும்பிட்டேன், பேச்சு வரல. அவங்களே, "மூணாவது கட்டத்தில் உட்காருவியே, நீதானே?" என்றாங்க. எத்தனை வருஷத்துப் பிள்ளைங்க, நான் உட்கார்ந்த கட்டம் வரைக்கும் ஞாபகம்! போன வருஷத்துக்கு முந்தின வருஷம் அவங்க தவறிட்டாங்க. எனக்குத் தெரிஞ்சதே ஒரு மாசம் கழிச்சுத்தான்.

இதை ஏன் இங்கே சொல்றேன்னா, என் பொண்ணுக்கு இப்ப பதிமூணு வயசு. ஓட்டத்தில் நல்லா வர்றா. போன தை மாசம் சடங்கு சுத்தினோம். அடுத்த வாரமே என் மாமியார், "இனிமே ஓட்டம் கீட்டம் வேண்டாம்" என்றாங்க. எங்க ஆயா சொன்ன அதே வார்த்தை. நானும் தலையாட்டத்தான் போனேன். அப்பதான் அந்தக் கதவு ஞாபகம் வந்துச்சு. இந்தத் தடவை முன்னாடி வந்து, "அவ ஓடட்டும் அத்தை" என்றேன்.

ஷூ வாங்கக் காசு இல்ல. குழுவில் உள்கடன் 2,500 ரூபாய் கேட்டேன். "ஷூவுக்கா லோன்?" என்று சிரிச்சாங்க. "படிப்புச் செலவுன்னு எழுதிக்கலாம்" என்றாங்க. "வேண்டாம், மகளின் விளையாட்டுக்குன்னே தீர்மான நோட்டில் எழுதுங்க" என்றேன். எழுதினாங்க. மாசாமாசம் கட்டி முடிச்சுட்டேன்.

2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காகக் கலப்புத் தொடர் ஓட்டம் ஓடின நாலு பேரில் மூணு பேர் தமிழ்நாடு. அதில் சுபா வெங்கடேசனும் ஆரோக்கிய ராஜீவும் நம்ம திருச்சி மாவட்டம். மூணாவது ஆள் மதுரை ரேவதி வீரமணி. சின்ன வயசிலேயே அப்பா அம்மா இல்ல. பாட்டி ஆரம்மாள் கூலி வேலை செஞ்சு வளர்த்தாங்க. பொட்டப்பிள்ளையை எதுக்கு ஓட விடுறேன்னு ஊர் பேசினாலும் அந்தப் பாட்டி விட்டாங்க. பயிற்சியாளர் கண்ணன் வந்து கேட்டு, அந்தப் பொண்ணைத் தயார் பண்ணினார். கேட்க ஒரு ஆள், சரின்னு சொல்ல வீட்டில் ஒரு ஆள். இரண்டும் வேணும்.

சகோதரிகளே, உங்க வீட்டுக்கும் ஒரு டீச்சர் வருவாங்க. ஒரு சொம்பு தண்ணி குடுத்து உட்கார வைங்க. கதவுக்குப் பின்னாடி நிற்காதீங்க, உங்க பொண்ணையும் நிற்க விடாதீங்க. நாம உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்துட்டோம், பரவாயில்ல. நம்ம பிள்ளைங்க முதுகைத் தொட்டு நாமளே "கோ" சொல்லுவோம்.

அன்னைக்கு டீச்சருக்குச் சொல்லாத வணக்கத்தை இந்த மேடையில் சொல்லிக்கிறேன். வணக்கம் டீச்சர்.