கலண்டர்ப் பனை

ஏ.எல். மட்டும் படித்து, டண்டினோங்கில் ஒரு தொழிற்சாலையில் பெட்டி அடுக்கும் நான் ஓவியத்தைப் பற்றிப் பேசலாமா என்று நீங்கள் யோசிக்கலாம். ஞாயிறு பின்னேரங்களில் நாங்கள் ஐந்து பேர் ஒரு நண்பர் வீட்டுக் கராஜில் கூடிப் படம் கீறுகிறோம். அதுதான் என் தகுதி.

தொடக்கத்தில் பனை, கிணறு, கோபுரம் என்றே கீறினேன். எல்லாரும் "நல்லாயிருக்கு" என்றார்கள். ஒருநாள் எங்களில் மூத்த அக்கா, "தம்பி, இது கலண்டர்ப் பனை. உம்மட வளவுப் பனை எந்தப் பக்கம் சரிஞ்சு நிண்டது?" என்று கேட்டா. எனக்கு ஞாபகம் வரவில்லை. கோபந்தான் வந்தது. இரண்டு கிழமை போகவில்லை.

1943இல் கொழும்பில் லயனல் வென்ட் முதலானோர் சேர்ந்து '43 குழு'வைத் தொடங்கினார்கள். ஜோர்ஜ் கீற்றின் கோடு வேறு, ஜஸ்ரின் தரணியகலவின் வண்ணம் வேறு. சேர்ந்தே கண்காட்சி வைத்தார்கள். ஆனால் ஒருவர்போல் மற்றவர் கீறவில்லை. அவர்களில் ஒப்ரி கொலெற், றிச்சட் கேப்ரியல் இருவரும் பிற்காலத்தில் இதே மெல்பேணில் குடியேறியவர்கள். பலருக்கு இது தெரியாது.

நான் அம்மாவுக்குப் போன் எடுத்துக் கேட்டேன். "கிணத்தடிப் பக்கம் சரிஞ்சது. ஷெல் விழுந்து வட்டுப் போட்டுது, மறந்திட்டியே?" என்றா.

வட்டில்லாத பனையைக் கீறிக்கொண்டு திரும்பப் போனேன். வருசப்பிறப்பு மலருக்கு இது சரிவராது என்றார் ஒருவர். அக்கா கனநேரம் பார்த்தா. "அடிமரம் கறுப்புக் கூடிப்போச்சு" என்றா. வீட்டில் இப்போது அதைத்தான் திருத்துகிறேன்.

விருப்பமானவர்கள் ஞாயிறு நாலு மணிக்கு வாருங்கள். கதிரை காணாது, ஒன்று கொண்டு வந்தால் நல்லது.